தறியில் நெய்த பட்டை

யல்மரியின் கார் முற்றத்தில் திரும்பியபோது பன்றித்தோல் வறுபடும் வாசனையும் அதோடு உள்ளே வந்தது. அவன் மனைவி ஹில்யா முதலில் அடுப்பைத்தான் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் காப்பிக் கெண்டியைத் தவிர ஒன்றும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆள் நடக்கிற வேகத்தில் வந்த கார் கொட்டகை முன்னால் நின்றது. இஞ்சின் மூடியின் இடுக்குகளிலிருந்து புகை கசிந்தது. யல்மரி இறங்கினான். முழங்கை வரைக்கும் எண்ணெய். முதுகு முழுக்கச் சேறு.

"என்ன வாசனை இது?"

"என் மத்தியானச் சாப்பாடு. நான் திங்கல. இஞ்சினுக்கு ஊட்டிட்டேன்."

"எங்க போச்சு?"

"மேட்டுல. பாதி ஏறியிருப்பேன். டொக்கு டொக்குன்னு, உள்ளேர்ந்து யாரோ கதவத் தட்டற மாதிரி."

ரயில் நிறுத்தத்தில் உருளைக்கிழங்கை இறக்கிவிட்டு மாவு மூட்டையோடு வந்திருக்கிறான். நிறுத்தத்திலிருந்து அவர்கள் ஊரான கூசிமேகிக்கு ஏறுகிற மேடு ஒரு மைல் நீளம். சத்தம் கேட்டதும் நிறுத்தி, ஓட்டுகிறவன் முன்னால் இருக்கிற மரப்பெட்டியின் மூடியைக் கழற்றியிருக்கிறான். அந்தப் பெட்டிக்குள் தீப்பொறி தருகிற நான்கு காயில்கள், சிலிண்டருக்கு ஒன்றாக, நான்கு வண்டுகள்போல ரீங்காரம் போடும். ஒரு காயிலின் நாக்கை விரலால் அமுக்கினால் அந்தச் சிலிண்டர் மட்டும் வாய்மூடிவிடும், மற்ற மூன்றும் ஓடும். முதல் நாக்கை அமுக்கினான். தட்டுகிற சத்தமும் நின்றுபோனது. நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெயை வாளியில் பிடித்துவைத்து, தகட்டைத் திறந்து பார்த்தால் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கிற முதல் ராடின் பேரிங்கில் பூசியிருந்த ஈயமெல்லாம் ரொட்டித்தூள்போல உதிர்ந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்த உப்புப் பன்றிக்கறியின் தோலை வெட்டி, கொழுப்புப் பக்கம் உள்ளே வரும்படி அந்த இடத்தில் சுற்றி முடுக்கி, எண்ணெயைத் திரும்ப ஊற்றிக்கொண்டு இரண்டு மைல் வந்துவிட்டான். அந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

"வைனோவுக்குப் போன வாரம் போச்சு" என்றான் யல்மரி. "எட்வின் வண்டி தட்ட ஆரம்பிச்சிருச்சு. இப்ப எனக்கு. ஒரே மாசத்துல மூணு வண்டி. மூணும் முதல் ராடு. இது என்னன்னு நெனக்கிற?"

"என்ன?"

"எண்ணெய். ஆர்விட் கோடைல புது ஆள்கிட்ட பீப்பாய் எடுத்தான்ல? அதுல தண்ணி கலந்திருக்கு. தண்ணியோ எழவோ."

ஹில்யா அவனை உள்ளே கூட்டிப்போனாள். காப்பியை ஊற்றி வைத்தாள். அவன் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காப்பியைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சினான். கோபம் வந்தால் அவனுக்குப் பசிக்கும். ஏலக்காய் ரொட்டியில் பாதியை ஒரே மூச்சில் தின்றான்.

"ஞாயித்துக்கிழமை கூட்டுறவுக் கூட்டத்துல இத வைக்கறேன். வைனோ கையெழுத்துப் போடுவான். இன்னும் பத்துப் பேரு போடுவாங்க. ஆர்விட் கடைய விட்டுப் போகட்டும்."

ஆர்விட் கூட்டுறவுக் கடையின் மேலாளன். அவனும் அவன் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருப்பது கடையின் மாடியில். வேலை போனால் வீடும் போகும். செப்டம்பர் முடிய ஒரு வாரம் இருந்தது. அங்கே அக்டோபர் கடைசியில் பனி விழுந்துவிடும்.

இருபத்தேழாம் வருஷம் கூசிமேகியில் பதினோரு கார்கள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி டி மாடல் ஃபோர்ட். யல்மரி டெட்ராய்ட்டில் இரண்டு வருஷம் கார்த் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்தவன். அந்த இஞ்சினைப் பற்றிப் பேசச்சொன்னால் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேசுவான்.

"இதுல எண்ணெய்க்குப் பம்ப்பு கிடையாது. பெட்ரோலுக்குப் பம்ப்பு கிடையாது. தண்ணிக்குப் பம்ப்பு கிடையாது. ஏன்? பம்ப்பு வச்சா பம்ப்பு கெட்டுப்போகும். இல்லாத சாமான் கெட்டுப்போகுமா?"

பெட்ரோல் சீட்டுக்கு அடியில் இருந்து தானாக வழிந்து வரும். தண்ணீர் சூடானால் தானே மேலே ஏறும், ஆறினால் தானே கீழே இறங்கும். எண்ணெய் விஷயம்தான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. இஞ்சினுக்குப் பின்னால் பெரிய சக்கரம் ஒன்று சுற்றுகிறது. அதில் பதித்திருக்கிற காந்தங்கள் மின்சாரம் பண்ணுகின்றன. பண்ணிக்கொண்டே, அடியில் கிடக்கிற எண்ணெயை அள்ளி வீசவும் செய்கின்றன. வீசுகிற எண்ணெயைப் பிடிக்க ஓரத்தில் ஒரு சின்னப் புனல். புனலிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் இஞ்சினின் முன்மூக்கு வரைக்கும் போகிறது. அங்கே விழுந்த எண்ணெய், ஒவ்வொரு ராடின் கீழும் இருக்கிற குழியை நிரப்பிக்கொண்டே பின்னால் திரும்பி வருகிறது. இதை ஹில்யா பத்துத்தடவைக்குமேல் கேட்டிருந்தாள். தறியில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பாள். அவன் சொல்லச்சொல்ல, ஓடை ஒன்று ஊரைச் சுற்றி வருவதுபோல அவள் கண்ணுக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தில் யல்மரி கியர்ப் பட்டைகளைக் கழற்றி அடுப்பங்கரை மேஜையில் போட்டிருந்தான். காரில் மூன்று மிதி. ஒவ்வொன்றை மிதிக்கும்போதும் ஓர் இரும்புப் பட்டை உள்ளே ஓர் உருளையை இறுக்கிப் பிடிக்கும். இரும்பு இரும்பைப் பிடித்தால் வழுக்கும் என்பதற்காகப் பட்டையின் உள்பக்கம் கெட்டித் துணி வைத்துத் தைத்திருக்கும். அதே இஞ்சின் எண்ணெயில் ஊறிக்கொண்டே வேலை செய்கிற துணி. வருஷத்துக்கு ஒருமுறை தேய்ந்துபோகும்.

ஹில்யா தேய்ந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நாடாதானே" என்றாள்.

"பட்டைத்துணி."

"நாடாதான். நான் நெய்யறேன்."

கந்தல் விரிப்பு நெய்கிற தறியில், பருத்தி நூலைப் பன்னிரண்டு புரியாக முறுக்கி, மூன்றே நாளில் நெய்துவிட்டாள். இரண்டு ஓரத்திலும் நீல நூல் விட்டிருந்தாள். கூசிமேகியில் நெய்கிற பெண்கள் எல்லோருக்கும் ஓர் ஓரநிறம் உண்டு. சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் பத்து வீட்டு விரிப்பு ஒன்றாகக் கிடந்தாலும் எது யாருடையது என்று ஓரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நீலம் ஹில்யாவுடையது. எண்ணெய்க்குள் போகிற துணிக்கு எதற்கு நிறம் என்று யல்மரி சிரித்தான். அவளுக்கு ஓரமில்லாமல் நெய்ய வரவில்லை.

கார் அதற்கப்புறம் குலுங்காமல் கிளம்பியது. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று வைனோ ஓட்டிப்பார்த்துச் சொன்னான். அவனுக்கும் வேண்டும் என்றான். எட்வின் கேட்டான். கிழவர் ஈசாக்கி கேட்டார். எல்லோருக்கும் நெய்து கொடுத்தாள். நெய்து கொடுத்த நான்கில் மூன்று வண்டிகள் இப்போது தட்டுகின்றன.

இதை யல்மரி யோசிக்கவில்லை. ஹில்யா அன்று ராத்திரிக்குள் யோசித்துவிட்டாள். ஆனால் ஈசாக்கி இருக்கிறாரே? அவர் வண்டிக்கும் இதே நாடாதான். அவரும் ஆர்விட்டின் எண்ணெயைத்தான் ஊற்றுகிறார். அவர் வண்டி எந்தச் சத்தமும் போடாமல் ஓடுகிறது. அப்படியென்றால் நாடாவாக இருக்காது. அந்த ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் தூங்கினாள்.

மறுநாள் சிவப்புப்பழம் பறிக்க மேட்டோரத்துக்குப் போயிருந்தாள். கீழேயிருந்து கார்ச்சத்தம் கேட்டது. ஈசாக்கி வந்துகொண்டிருந்தார். காரின் பின்பக்கம் முன்னால் வர, கழுத்தைத் திருகித் திரும்பிப் பார்த்தபடி, பின்னோக்கி மேடேறினார். ஊருக்கே அது பழகிப்போன வேடிக்கை. அவரிடம் எப்போதும் அரை டப்பா பெட்ரோல்தான் இருக்கும்.

ஹில்யாவைப் பார்த்ததும் நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் முன்னால் போய் மறுபடி கைப்பிடியைச் சுற்றவேண்டும்.

"பழம் நல்லா இருக்கா?"

"இருக்கு. கழுத்து வலிக்காதா ஈசாக்கி?"

"வலிக்கும். பெட்ரோல் வாங்கினா பர்சு வலிக்கும். கழுத்து என்னுது, சும்மா கெடக்கு." கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "டாங்க்கு சீட்டுக்கு அடியில. கொஞ்சமா ஊத்திட்டு முன்னாடி ஏறினா இஞ்சின் ஒசந்துபோயிடும், டாங்க்கு கீழ போயிடும். பெட்ரோல் ஏறி வருமா? வராது. பின்னாடி ஏறினா டாங்க்கு மேல. கொட்டும். ஆறு வருஷமா இப்படித்தான் ஏறறேன்."

"எல்லாத் தடவையுமா? ஒரு தடவகூட முன்னாடி ஏறினதில்லையா?"

"எதுக்கு ஏறணும்? மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கிழவர் போய்விட்டார். ஹில்யா பழக்கூடையோடு நின்றாள். பெட்ரோல் எப்படியோ எண்ணெயும் அப்படித்தானே. முன்னோக்கி ஏறுகிறவனுக்கு எண்ணெயெல்லாம் பின்னால் ஓடிவிடும். முன்மூக்குக்கு அந்தச் சுண்டுவிரல் குழாயை விட்டால் வேறு வழி கிடையாது. நாடாவின் பஞ்சு போய்க் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டமான சாலையில் எப்படியோ சமாளிக்கும். ஒரு மைல் மேட்டில் முதல் ராடு வறண்டு எரியும். ஈசாக்கிக்குக் குழாய் அடைத்தாலும் தெரியாது. அவர் ஏறும்போது எண்ணெய் முழுக்க மூக்கில் நிற்கும்.

அவள் பிடித்திருந்த ஒரு வண்டியும் கையைவிட்டுப் போனது.

வியாழக்கிழமை யல்மரி உருளைக்கிழங்கு தோண்ட வைனோ வீட்டுக்குப் போனான். அங்கேயும் காகிதத்தைக் கொண்டுபோயிருந்தான். ஒன்பது கையெழுத்து ஆகியிருந்தது. பெண்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனதும் ஹில்யா மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். கார் முட்டுக்கட்டைமேல் நின்றது. காரின் தரைப்பலகைகளைத் தூக்கினாள். அடியிலிருந்த கியர்ப்பெட்டி மூடியின் போல்ட்டுகளைக் கழற்றிக் கழற்றி, கழற்றிய வரிசைப்படியே பலகைமேல் அடுக்கினாள். தறியைப் பிரிக்கிறபோதும் அப்படித்தான் அடுக்குவாள். மூடி கனமாக இருந்தது. நெஞ்சோடு அணைத்துத்தான் இறக்க முடிந்தது.

அவளுடைய நாடா மூன்று உருளைகளையும் சுற்றிக் கிடந்தது. தேயவேகூட இல்லை, நன்றாகத்தான் இருந்தது. மேலாகப் பூனைமுதுகுபோலப் பஞ்சு எழும்பியிருந்தது. விரிப்பென்றால் மிதிக்கமிதிக்கப் பஞ்சு எழும்பி மெத்தென்றாகும், அதுதான் அதற்கு அழகு. புனலைத் தேடிக் கண்டுபிடித்தாள். விரலைவிட்டுத் தோண்டினாள். சாம்பல்நிறக் களிபோல வந்தது. வேலிக்கம்பி ஒன்றை வெட்டி, நுனியை மடக்கி, முன்பக்கத்திலிருந்து குழாய்க்குள் குத்தினாள். இரண்டுமுறை மாட்டிக்கொண்டது. மூன்றாவது முறை, விரல்நீளத்துக்கு ஒரு கட்டை போல அடைப்பு வெளியே வந்து விழுந்தது.

மண்ணெண்ணெயில் அலசிப் பார்த்தாள். பஞ்சுதான். நடுவில் நீலம் இருந்தது.

யல்மரி சாயங்காலம் வந்தபோது அது சாஸரில், மேஜை நடுவில் இருந்தது. அவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"யார் மூடியத் திறந்தா?"

"நான்."

"என்னது இது?"

"உன் குழாய்க்குள்ள இருந்தது. பாரு. ஓரம் தெரியுதா?"

அவன் சாஸரை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். ரொம்ப நேரம் பார்த்தான். டெட்ராய்ட்டில் இரண்டு வருஷம் நின்றவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

"நான் பாத்திருக்கணும்" என்றான். "கடைத்துணிய வேகவச்சு, அமுக்கி, பஞ்சு வராமப் பண்ணித்தான் விப்பான். எனக்குத் தெரியும். உன்னுது நல்லா பிடிச்சுதா, மறந்துட்டேன்."

"எனக்குத் தெரியல. தெரியாமத்தான் நெய்ஞ்சேன்."

"சரி. விடு. நாலு வண்டியிலயும் கழட்டிடலாம். புது மாதிரி ஒண்ணு வந்திருக்குன்னு சொல்லி மாத்திடறேன். ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான்."

"ஆர்விட்?"

யல்மரி தொப்பியைக் கழற்றினான். ஆணியில் மாட்டினான். திரும்பவும் எடுத்துச் சரியாக மாட்டினான்.

"நான் ஒம்பது வீடு ஏறி எறங்கியிருக்கேன் ஹில்யா. முதல் கையெழுத்து என்னுது. இப்பப் போயி என் பொண்டாட்டி நாடாதான் காரணம்னு சொல்லவா? டெட்ராய்ட்காரன், டெட்ராய்ட்காரன்னு கூப்பிடறானுங்க. அப்பறம் எப்படிக் கூப்பிடுவானுங்க தெரியுமா?"

"கேட்டேன். ஆர்விட்?"

"அவனுக்கு வேற எங்கயாவது கெடைக்கும்."

"கெடைக்குமா?"

"நீ எதுக்கு என்னையே கேக்கற? கெடைக்கும்னு சொன்னேன்ல!"

புளித்த பாலையும் ரொட்டியையும் வைத்தாள். அவன் ரொட்டியைத் தொடவில்லை.

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கூட்டத்தில் அவள் இதுவரைக்கும் வாய்திறந்ததே இல்லை. கை தூக்கச் சொன்னால்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் தூக்குவாள்.

"நீயா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்க நினைத்தான். குரல் அப்படி வரவில்லை.

வெள்ளியும் சனியும் இரண்டுபேரும் உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் பேசினார்கள். சனிக்கிழமை சவுனாவில் ஹில்யா உச்சிப்பலகையில் தனியாக உட்கார்ந்து, கூட்டத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிப்பார்த்தாள். ஏழு வாக்கியம் வந்தது. நான்காகக் குறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கிற கூடத்துக்கு மூன்று மைலும் நடந்தே போனார்கள். அவன் பத்தடி முன்னால் போனான். சாஸரை அவள் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனாள்.

கூடத்தில் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். ஈரக் கம்பளிக்கோட்டு வாசனை. பின்னால் அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. ஆர்விட் கதவோரத்துப் பெஞ்சில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னாலும் பக்கத்திலும் இடம் காலியாக இருந்தது. காகிதம் வரிசைகளில் கைமாறி, இன்னும் மூன்று கையெழுத்தோடு தலைவர் கைக்குப் போனது. பன்னிரண்டு பெயர்களை வாசித்தார். "யல்மரி, நீ பேசறியா?"

யல்மரி எழுந்தான். அதே நேரத்தில் ஹில்யாவும் எழுந்தாள். ஒரே பெஞ்சில் இரண்டுபேர் எழுந்ததால் பெஞ்சு மேலே தூக்கி, மறுமுனையில் உட்கார்ந்திருந்த வைனோ விழப்பார்த்தான். யாரோ சிரித்தார்கள்.

ஹில்யாவுக்கு நான்கு வாக்கியமும் மறந்துபோனது. நேராக மேஜைக்குப் போய்க் கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான்" என்றாள். "இது எங்க வண்டிக் குழாய்க்குள்ள அடைச்சிருந்தது."

ஆண்கள் எட்டிப்பார்த்தார்கள். அவர்களுக்கு அது அழுக்குப் பஞ்சாகத்தான் தெரிந்தது. பெண்கள் பக்கத்து முதல் வரிசையில் இருந்த எட்வினின் மனைவிதான் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, இது ஹில்யா ஓரமாச்சே" என்றாள்.

பின்னாலிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"என் நாடாதான்" என்றாள் ஹில்யா. "வைனோ, எட்வின், உங்க வண்டிலயும் இதேதான். ஈசாக்கி, உங்க வண்டிலயும். கழட்டற வரைக்கும் மேடேறாதீங்க."

"நான் எங்க ஏறறேன்?" என்றார் ஈசாக்கி. "நான் எறங்கற மாதிரிதான் ஏறறேன். என்னுது இருக்கட்டும், நல்லாப் பிடிக்குது."

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. வைனோ சிரிக்கவில்லை. "எத்தன நாளா தெரியும்?" என்று கேட்டான்.

"புதன்கிழமை சந்தேகம். வியாழக்கிழமை கண்ணால பாத்தேன்."

"நான் வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தேனே. காப்பி குடுத்த."

"குடுத்தேன்."

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லல" என்றாள் ஹில்யா. திரும்பியபோது பெஞ்சில் யல்மரியின் இடம் காலியாக இருந்தது. கதவு திறந்து மூடியதை அவள் கேட்கவில்லை.

தலைவர் காகிதத்தை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு பால்நிலையத்தின் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்புறம் காப்பி. எல்லோரும் எழுந்து பின்னால் போனார்கள். ஹில்யாவிடம் யாரும் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலும் வரவில்லை. ஒருத்தி மட்டும் கோப்பையை நீட்டிவிட்டு, "போன வருஷம் எனக்குக் குடுத்தியே விரிப்பு, அது ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். ஆகாது என்றாள் ஹில்யா. காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். யல்மரி மூன்று மைலில் பாதி போயிருப்பான் என்று நினைத்தாள்.

அவன் போகவில்லை. வெளியே எட்வினின் கார் நின்ற இடத்தில் தரைப்பலகைகள் புல்மேல் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை வேலியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையின் கைகளைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, யல்மரி காருக்குள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தான். போல்ட்டுகள் கண்டபடி கிடந்தன.

"வரிசையா வைக்கக்கூடாதா?" என்றாள்.

"நீ வந்து வை." தலையைத் தூக்காமலே சொன்னான். "உன் நாடாவ நீதான் பிடுங்கணும். பிசாசு மாதிரி பிடிச்சுக்கிட்டிருக்கு."

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து போல்ட்டுகளைப் பொறுக்கினாள். இரண்டு பேரும் மூடியைத் தூக்கி இறக்கினார்கள். எட்வின் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று, தன் வண்டியைத் தன்னிடம் கேட்காமல் பிரித்ததைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே புனலில் நீலம் தெரிந்ததும் கோப்பையை வேலித்தூணில் வைத்துவிட்டு அவனும் குனிந்தான்.

"அலசணும்" என்றான் யல்மரி. "ரெண்டு காலன் மண்ணெண்ணெய் வேணும்."

அப்போதுதான் ஆர்விட் பின்னால் நிற்பதைப் பார்த்தான். எத்தனை நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. தொப்பி தலைக்கு ஏறியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கடை கெடையாது" என்றான் ஆர்விட்.

யல்மரி எண்ணெய்க் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். ஆர்விட் சாலையைக் கடந்து கடைக்குப் போனான். பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. டின்னோடு திரும்பி வந்து, அதை யல்மரியின் காலடியில் வைத்து, மூடியை அவனே திருகித் திறந்துவிட்டு நிமிர்ந்தான்.

"மோந்து பாத்துக்க" என்றான். "தண்ணி கிண்ணி கலந்திருக்கப் போகுது."

எட்வின் வேறு பக்கம் பார்த்தான். யல்மரியின் காதுமடல் சிவந்தது. டின்னை இரண்டு கையாலும் தூக்கினான், மோந்து பார்க்கவில்லை. ஹில்யா தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுப் புனலின் வாயைக் காட்ட, அவன் ஊற்றினான்.